உப்புத்தாள் போடாத குமிழ்

அக்கா வீட்டில் கரி பிடித்த அறைக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தேன். பெயிண்டர் தம்பி இருக்கும்போது வெளியாளைக் கூப்பிட விடுவேனா?

போன வருடம் அந்த அறையில்தான் அக்காவின் நாலு வயது மகள் புகையில் மூச்சடைத்து இறந்துபோனாள். மதியம், அக்கா கடைக்குப் போயிருந்த நேரம். கதவின் மரக்குமிழைத் திருகத் தெரிந்தவள்தான், கை வழுக்கிவிட்டது. அதைக் கடைசல் மிஷினில் கடைந்தவர் அத்தான். அப்போதும் பின்கட்டுப் பட்டறையில் கடைந்துகொண்டிருந்தார். மிஷின் சத்தத்தில் அவள் கத்தியது கேட்கவில்லை.

அக்கா சாத்திய கதவின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"பேசாம இருடா. நேரமாச்சு."

குமிழ் மெல்லத் திரும்பியது.

பாதியில் வழுக்கியது. டக்.

பாய்ந்து திறந்தேன். உள்ளே யாருமில்லை, புகை நாற்றம் மட்டும்.

"நாம திறந்தா இருக்க மாட்டா. அவளே திறக்கணும்டா," என்றாள் அக்கா.

பட்டறையில் கூடை நிறைய குமிழ்கள். எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு. எல்லாம் பளபளவென்று.

"எவ்வளவு சின்னதா கடைஞ்சு மாட்டினாலும் அவளால முடியலையே, மாப்ளே," என்றார் அத்தான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வழவழன்னு இருந்தா பெயிண்டே ஒட்டாது, பிஞ்சுக் கை எப்படி நிக்கும்? உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம விடுங்க அத்தான்."

"சொரசொரப்பா ஒரு வேலைய நான் வெளிய விட்டதே இல்லையே," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் உளி வரி தெரியும் குமிழை மாட்டினார். அவருக்கு நின்று பார்க்கத் தெம்பில்லை. பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மிஷினைப் போட்டுக்கொண்டார்.

மதியம் குமிழ் திரும்பியது.

வழுக்கவில்லை.

கதவு திறந்தது. அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள். என் முழங்காலை உரசிக்கொண்டு ஏதோ சூடாகப் போனது. தரையில் சின்னச் சின்னக் கரிப் பாதங்கள் அக்காவைத் தாண்டிப் பின்கட்டுக்கு ஓடின.

பட்டறைக் கதவின் பளபளக்கும் குமிழ் திரும்பியது.

டக். டக்.

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தான், நிறுத்துங்க! பாப்பா வெளிய நிக்கிறா!"

அவர் பதறித் திறந்தபோது யாருமில்லை. குமிழில் நாலு விரல் வழுக்கிய கரி. அதில் கன்னத்தை வைத்து, "அப்பாவுக்குக் கேக்கலடி," என்று கதறினார்.

இப்போது அந்த வீட்டில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. மதியமானால் மிஷின் தானாக நின்றுவிடும். சுவிட்சில் கரி விரல் பதிந்திருக்கும். அத்தான் அதை மறுபடி போடமாட்டார்.

"சொல்லுடா தங்கம்," என்று குனிந்து காது கொடுத்தபடி உட்கார்ந்திருப்பார்.