செவ்வாய்க்கிழமை வண்டி

"அரைமணி நேரமா எங்கப்பா மழையில நிக்கிறாரு! இதான் உங்க சேவையா?"

அவள் கத்த, வண்டியிலிருந்து அவன் அவசரமாக இறங்கினான். குடையை அப்பாவின் தலைக்கு மேல் பிடித்தான். அவன் சட்டை தொப்பலாக நனைந்தது. நிமிர்ந்தபோது அந்தக் கண்கள்... எதையோ தொலைத்துவிட்டு, தேடுவதையும் நிறுத்திவிட்ட கண்கள்.

அவள் தையல்காரி. அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அவன் எலக்ட்ரீஷியன். செவ்வாயும் வெள்ளியும் வேலைக்கு லீவு போட்டு, நோயாளிகளை இலவசமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் தொண்டர் குழுவின் வண்டியை ஓட்டுபவன்.

"மெதுவா ஓட்டு மாப்ளே. சீக்கிரம் போனா சீக்கிரம் ஊசி குத்துவாங்க" என்பார் அப்பா. 'மாப்ளே'யில் அவளுக்குக் காது மடல் சிவக்கும். கண்ணாடியில் அவன் பார்ப்பான்... அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்புவாள்.

ஒருநாள் அவளிடம் தைக்கத் துணி கொண்டுவந்த ஒருத்தி சிரித்தாள். "உங்களுக்கென்ன, ஓசி வண்டி வாசலுக்கே வருது!"

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் அந்தக் கோபத்தை அவனிடமே காட்டினாள். "நாங்க ஆட்டோவுல போய்க்கிறோம். எங்க மேல பரிதாபப்பட்டு யாரும் புண்ணியம் தேட வேணாம்."

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மூன்றாவது வாரம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த ஒரு செவ்வாய் மாலை, ஆஸ்பத்திரி வாசலில் காலி வண்டியருகே அவள் போய் நின்றாள்.

"அப்பா தினம் உங்களைத்தான் கேட்டாரு... அந்தத் தம்பி ஏம்மா வரலைன்னு. நீங்க ஊருல இல்லைன்னு பொய் சொல்லிட்டேன்." அப்பா உட்காரும் சீட்டைப் பார்த்தாள். "என் வீம்புக்கு அவர் சந்தோஷத்தைப் பறிச்சிட்டேன்."

"உக்காருங்க" என்று கதவைத் திறந்தான். தானும் முன்னால் ஏறிக்கொண்டு பேசினான். "அம்மா போனப்புறம் வீட்டுல என்கூடப் பேச யாருமில்ல. 'வந்துட்டியாப்பா'ன்னு ஒரு குரல் கேட்டா போதும்னுதான் இந்த வண்டிய எடுத்தேன். நான் குடுக்கிறேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க... வாங்கிக்கிறவன் நான்தாங்க."

அவள் அவனையே பார்த்தாள்.

"அப்புறம்... நீங்க ஏறுற நாளுக்காகவே காத்திருக்க ஆரம்பிச்சேன். இதச் சொல்ற நேரமில்ல. ஆனா சொல்லாம இருக்க முடியல."

"எனக்கும்தான்..." என்றாள் அவள். "ஆனா இப்ப நான் அழணும். அழுது முடிக்கிற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

அவன் சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.