சூடேறாத பெட்டி

ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் அந்த அம்மாள் வந்தபோது சோதனைக்காரர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். விற்பனைக்கு வராத கணினிகளை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வது அவர் தொழில். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி என்பான், கூடவே அலையும் அவருடைய மனைவியின் தம்பி. ஊரெல்லாம் அவனுக்கு மச்சான் என்றே பெயர்.

அந்த அம்மாளுடைய கணவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அவர் பேசிய ஒலிநாடாக்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் மழையும் ஜெனரேட்டர் இரைச்சலும் ஏறிக் குரல் அடியில் புதைந்து கிடந்தது. அடுத்த மாதம் வரப்போகிற ஒரு கணினி இரைச்சலைத் தனியே பிரித்துவிடுமாம். கம்பெனி விற்பனையாளர் தன் துணுக்கு ஒன்றை அதில் ஓட்டி நொடியில் சுத்தமாக்கிக் காட்டிவிட்டு, பெட்டியை மாதிரிக்கு வைத்துவிட்டுப் போனார். அன்றிரவு ஒரு நாடாவை அதில் ஏற்றினாள். விடிந்தபோது கணவர் பக்கத்தில் நின்று பேசுவது போல் குரல் வந்தது. ஆனால் கூடத்தை விற்றால்தான் அந்தக் கணினியை வாங்க முடியும்.

"விக்க நான் தயார்தான். வாங்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்றாள்.

கூடத்து வேலையெல்லாம் பார்க்க முன்பு கொழுந்தன் இருந்தான், அண்ணனிடம் கற்றவன், ஒரு நாள் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன்தான், திரும்பவில்லை, சாவுச் சேதி சொல்லக்கூட விலாசம் இல்லை என்றும் போகிற போக்கில் சொன்னாள்.

கூடத்தில் பழைய கணினியும் புதியதும் அடுத்தடுத்து இருந்தன. சோதனைக்காரர் இரண்டிலும் ஒவ்வொரு நாடாவை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். மச்சானுக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஓடுகிற கணினியின் தலைதான் அவனுக்கு அடுப்பு. டீ டம்ளரைப் புதிய பெட்டியின் மேல் வைத்தான். சற்றுப் பொறுத்து ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"பச்சைத் தண்ணியா ஆறிப்போச்சு மாமா. சூடே ஏறலை, சத்தமும் இல்லை. உசத்தியான சரக்கு."

"மாப்ளே, உழைக்கிறவனுக்கு வேர்க்கும். இது எங்கே உழைக்குது?" என்ற சோதனைக்காரர் எழுந்து, பெட்டியிலிருந்து சுவருக்குப் போன இணைய வயரைப் பிடுங்கினார். திரையில் ஓடிய வேலை அப்படியே உறைந்தது. அந்த அம்மாள் முகமும்தான்.

விற்பனையாளரை வரவழைத்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தபின் சோதனைக்காரர் அவள் முதலில் ஏற்றிய நாடாவைப் போட்டார். மழை இல்லை, இரைச்சல் இல்லை. முதலில் டக் டக் என்று இரண்டு தட்டல், பிறகு குரல். பேசுமுன் நகத்தால் மைக்கைத் தட்டுவது தன் கணவரின் வழக்கம் என்றாள் அவள்.

"நீங்க ஓட்டிக் காட்டின துணுக்கு கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சுது, ஏன்னா அது முன்னாடியே செஞ்சு வச்சது," என்று விற்பனையாளரிடம் சொன்னார் சோதனைக்காரர். "இவங்க நாடாவுக்கு ராத்திரி பூராவும் ஆச்சு. ஏன்னா அங்கே ஒரு மனுஷன் உட்கார்ந்து கையால துடைச்சிருக்கார். மெஷினா இருந்தா மழையோட இந்தத் தட்டலையும் குப்பைன்னு தள்ளியிருக்கும். துடைச்சவர் தள்ளலை. அது இவங்க வீட்டுக்காரரோட பழக்கம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு." அவள் பக்கம் திரும்பினார். "இது யாருக்கெல்லாம் தெரியும்மா?"

"எனக்கு. அப்புறம்..." என்று இழுத்தாள்.

விற்பனையாளர் உண்மையைக் கக்கினார். உள்ளே இருக்கவேண்டிய சிப் இன்னும் தயாராகவில்லை. அதுவரை சமாளிக்க, வருகிற வேலையையெல்லாம் வயர் வழியாக அலுவலகத்துக்கு இழுத்து ஆளை வைத்துச் செய்கிறார்கள். இரவுப் பணியில் ஒருவர் இருக்கிறார், யாரோடும் அதிகம் பேசமாட்டார், அந்த நாடாவை மட்டும் வேறு யாரையும் தொடவிடவில்லை என்றார்.

"வாங்க வேண்டாம்மா," என்றார் சோதனைக்காரர். கூடம் பிழைத்தது. அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அந்த ஆளின் நம்பரைக் கேட்டு வாங்கினாள்.

உடனே அழைத்தாள், மணி அடித்தது. எடுத்தது அவளுக்குத் தெரிந்த குரல். அவள் வாய் திறக்குமுன் அந்தக் குரல் மூச்சை வைத்தே அவளைக் கண்டுபிடித்துவிட்டது.

"அண்ணி? நாடா வந்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன், அண்ணன்தான் எனக்கு அனுப்பியிருக்கார், கோபம் போயிடுச்சுன்னு. அவர்கிட்ட குடுங்க, இந்தத் தடவை நானே முதல்ல பேசிடுறேன்."

அது காதில் விழ, மச்சான் சோதனைக்காரரைப் பார்த்தான். அவர் அவன் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போய், கதவை மெல்லச் சாத்தினார்.