நாலாவது கட்டம்

மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், கீழ்த்தளத்துக்கு நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவு இளைஞன் சுவிட்சைத் தட்டினான். குழல்விளக்கு விட்டு விட்டு முனகி, பிறகு எரிந்தது.

வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த கோப்புகளை அழிக்கும் நாள். பெட்டிகளில் இருப்பது காகிதம்தான் என்று ஆவணக் காப்பாளரும், வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்று சட்டப் பிரிவு வக்கீலம்மாவும் திரையில் ஒப்புதல் தர வேண்டும். மூன்றாவது ஒப்புதல் அவனுடையது. மூன்றும் விழுந்து, கணினிப் பதிவுகளையும் அவன் அழித்தாகிவிட்டது. பெட்டிகளை எரிக்க அனுப்புவதுதான் பாக்கி.

ஆவண அறைக் கதவைத் திறக்கும் முன்பே நாற்றம் வந்தது.

"எலி செத்துக் கிடக்கா அண்ணே?"

"எலியா? அதோட வம்சமே போய்ச் சேர்ந்திருக்கும்," என்றார் காப்பாளர்.

வக்கீலம்மா வாசலைத் தாண்டவில்லை. "சீக்கிரம் முடிங்கப்பா. குமட்டுது."

கடைசி அடுக்கிலிருந்த பெட்டியின் அடி ஊறிப்போயிருந்தது. இளைஞன் தூக்கியதும் கிழிந்தது. காகிதம் விழவில்லை. கண்ணாடிப் புட்டிகள் விழுந்து உடைந்தன. மருந்து வற்றி அழுகிய சதைத் துண்டுகள், பரிசோதனைக்காக வெட்டி எடுத்தவை, அவன் செருப்பின் மேல் வழுக்கி விழுந்தன. ஒன்று கால்விரல்களுக்கிடையே ஒட்டிக்கொண்டது.

"காகிதம்னுதானே சொன்னீங்க?" வக்கீலம்மாவின் குரல் தாழ்ந்தது.

"நீங்க ஒப்புதல் குடுத்திருந்தீங்க. பார்த்திருப்பீங்கன்னு நெனச்சேன்மா."

"நான் தம்பியை நம்பிக் குடுத்தேன்."

அவன் இருவரையும் நம்பிக் கொடுத்திருந்தான். பெட்டியை யாரும் திறக்கவில்லை.

உடையாத புட்டி ஒன்று உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் அவன் மனைவியின் பெயர்.

சில வருடங்களுக்கு முன், கல்யாணமான வருடமே, இதே கட்டடத்தில் அறுவை சிகிச்சைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஏன் செத்தாள் என்று யாரும் சொல்லவில்லை. மறுபரிசோதனை கேட்கலாம், கேட்கலாம் என்று அவனும் நாளைக் கடத்தினான். அதற்கு மிஞ்சியிருந்தது இந்தத் துண்டு மட்டும்.

"என் வீட்டுக்காரியோடது," என்றான்.

காப்பாளர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அவ பதிவை நீயே அழிச்சிட்டியே தம்பி," வக்கீலம்மா கிசுகிசுத்தாள். "இனி இது யாரோடதும் இல்ல. விஷயம் வெளிய போனா மூணு பேருக்கும் வேலை போயிடும். போட்டுடு."

அவன் குனிந்து புட்டியை எடுத்தான். எரிக்கும் பையில் போட்டான்.

மேலே வந்து கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நாற்றம் போகவில்லை.  கையைத் துடைத்துக்கொண்டு இருக்கைக்குப் போனான்.

திரையில் ஒப்புதல் பக்கம் திறந்திருந்தது. அவனே அமைத்த மூன்று கட்டங்கள். மூன்றிலும் பச்சை.

கீழே நாலாவதாக ஒன்று இருந்தது.

நோயாளி: சம்மதமில்லை.

நீக்கினான். மறுபடி வந்தது.

மறுபடி நீக்கப் போனான். விரலுக்கடியில் விசைப்பலகையின் பொத்தான் சதைபோல் மெத்தென்று அமுங்கியது.

வெதுவெதுப்பாக இருந்தது.