கனம் குறைந்த தாடை

“அய்யா, என்னையத் திருடின்னு சொல்லிட்டாக. அதுவும் புள்ளைக முன்னாடி.”

பழனிசெட்டிபட்டியில் லிங்கேஸ்வரன் வீட்டு வாசலில் நின்று ஜக்கம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். அழவில்லை. செருப்பைக் கழற்றவும் மறந்திருந்தாள்.

லிங்கேஸ்வரன் நிலத்தடி நீர்த் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் எட்டிப் பார்க்காத கிணறு குறைவு. தண்ணீர் தேடிய அதே பொறுமையோடு, தொலைந்த பொருளையும் தேடிக் கொடுப்பார் என்று ஊரில் ஒரு பேர். மாடியில் குடியிருக்கும் சுபாஸ்ரீ உள்ளூர் கேபிள் டிவிக்குச் செய்தி எடுக்கிறவள். வாசலில் யார் குரல் கேட்டாலும் இறங்கி வந்துவிடுவாள். அன்றும் வந்துவிட்டாள்.

“உக்காருத்தா. என்ன காணோம்?” என்றார் லிங்கேஸ்வரன்.

“வாத்து வாய் எலும்புங்கய்யா.”

ஜக்கம்மா சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாலு வருஷமாக உதவியாளர். அங்கே அறிவியல் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அதிசயம் உண்டு. ஆறரைக் கோடி வருஷத்துக்கும் முன்னால் அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் தழை தின்று திரிந்த வாத்தலகு டைனோசரின் தாடைத் துண்டு அது. எட்மோண்டோசாரஸ் என்று இனத்துக்குப் பெயர். முன்வாய் வாத்தினுடையது போலத் தட்டை; உள்ளே போனால் நூற்றுக்கணக்கான பற்கள், செங்கல் சுவர் மாதிரி அடுக்கடுக்காக. தேய்ந்த பல் விழ விழ அடியிலிருந்து அடுத்தது ஏறி வரும். போடி ஏலக்காய் வியாபாரி ஏசுதாசன் அமெரிக்காவில் முறைப்படி விலைக்கு வாங்கி வந்து, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று கொடுத்தது.

“இன்னைக்குக் காலையில தூசி தட்ட எடுத்தேன். கை சடக்குன்னு மேல போயிருச்சு. எப்பவும் அம்மிக் குழவியாட்டம் கனக்கும்யா. இது பொரி உருண்டை மாதிரி இருந்துச்சு. ஓரத்துல நகம் பட்டா வெள்ளையா உதிருது. நாந்தேன் ஓடிப்போயி பெரிய டீச்சர்ட்ட சொன்னேன். சொன்னவளையே புடிச்சுக்கிட்டாக.”

“சாவி யார்கிட்ட?”

“எங்கிட்ட ஒண்ணு, அறிவியல் வாத்தியார் கார்த்திக்ராஜ்கிட்ட ஒண்ணு. சாயங்காலத்துக்குள்ள எலும்பு வரலேன்னா போலீசுன்னுட்டாக டீச்சர்.”

“நெச எலும்பைக் கடைசியா எப்பக் கையில எடுத்த?”

ஜக்கம்மா தயங்கினாள். “ஆயுத பூசை லீவுக்கு முத நாளு. கழுவித் தொடச்சு, பின்பக்கமா ஒரு சந்தனப் பொட்டு வச்சேன். டீச்சர் வேதக்காரக, ஏசுவக் கும்புடுறவுக. அதனால சொல்லிக்கிறதில்ல. வெளக்கமாறு, மைக்ராஸ்கோப்பு, அந்த எலும்பு, எல்லாத்துக்கும் வருசா வருசம் வைப்பேன். நமக்குச் சோறு போடுற சாமானில்லையா?”

“அப்புறம் துடைச்சிருவியா?”

“பூசை வச்சத யாராச்சும் அழிப்பாகளா? அதுவா உதுந்தாத்தேன்.”

இந்தப் பேச்சைக் கொஞ்சம் மடியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளே.

ஜக்கம்மா பஸ்ஸில் போக, சுபாஸ்ரீயின் ஸ்கூட்டியில் லிங்கேஸ்வரன் பின்னால் உட்கார்ந்து போனார். அவள் வாய் ஓயவில்லை.

“சார், இதுல ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா? நாலு நாளைக்கு முன்னாடி அதே கார்த்திக்ராஜ் மார்க்கையன்கோட்டையில டைனோசர் எலும்பு கண்டுபிடிச்சாரு. நான்தான் வீடியோ எடுத்தேன். நம்ம டிவி வரலாற்றுலயே பெரிய செய்தி! ஒரு பள்ளிக்கூடத்துல ஒண்ணு கிடைக்குது, ஒண்ணு தொலையுது.”

“எங்கன கிடைச்சுச்சு?”

“அவரோட சித்தப்பா பேச்சிமுத்து தோட்டத்துல, கிணறு ஆழப்படுத்துறப்ப. பாறைக்குள்ள இருந்துச்சாம்.”

“அந்தக் கிணத்துக்கு இடம் பாத்துக் குடுத்ததே நாந்தான்,” என்றார் லிங்கேஸ்வரன்.

பள்ளியின் அறிவியல் அறையில் தலைமையாசிரியை ஞானபாக்கியம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓவிய ஆசிரியர் செல்வமணி. ஜன்னலோரம் கார்த்திக்ராஜ், முப்பது வயது, கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு. ஜக்கம்மா கதவோரமாக நின்றாள்.

லிங்கேஸ்வரன் போலித் தாடையைக் கையில் எடுத்தார். பற்களின் வரிசை, மூன்றாம் வரிசையில் சாய்வாக ஒடிந்த ஒரு பல், எல்லாம் அச்சு அசலாக இருந்தன. திருப்பினார். பின்பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு மேடு. வெளிச்சத்தில் சாய்த்தால் அதன் மேல் மெல்லிய கோடுகள்.

“விரல் ரேகை!” என்றாள் சுபாஸ்ரீ. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அப்ப… அக்காவோடதா?”

“ஆமா, ஜக்கம்மா ரேகைதான்,” என்றார் லிங்கேஸ்வரன் அமைதியாக.

“கர்த்தரே! இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார் ஞானபாக்கியம்.

ஜக்கம்மா லிங்கேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தாள்.

லிங்கேஸ்வரன் துண்டை ஓவிய ஆசிரியரிடம் நீட்டினார். “வேலை எப்படி?”

“பிளாஸ்டர்னதும் எல்லாரும் என்னையவே பாக்குறாக,” என்று சலித்தார் செல்வமணி. “ரப்பர் அச்சு எடுத்து ஊத்தியிருக்கு. கத்துக்குட்டி வேலை சார். அச்சு எடுக்குறதுக்கு முன்னாடி சாமானைச் சுத்தமாத் துடைக்கணும். இல்லேன்னா மேல ஒட்டியிருக்கிறதும் சேந்து வரும். இந்த மேடு அப்படி வந்ததுதான். எலும்புல இது கெடையாது.”

“எலும்புல கெடையாது. ஆனா எலும்பு மேல இருந்துச்சு,” என்றார் லிங்கேஸ்வரன். “ஜக்கம்மா வருசா வருசம் ஆயுத பூசைக்கு ஒரு சந்தனப் பொட்டு வைக்கும். காஞ்ச சந்தனத்துல விரல் பதிஞ்ச தடம். அச்சு அதையும் எடுத்துக்கிருச்சு. ஆக, அச்சு எடுத்தது பொட்டு வச்சதுக்கு அப்புறம், லீவு நாள்லதான்.”

“லீவுலயும் அவகிட்ட ஒரு சாவி இருந்துச்சே!” என்றார் ஞானபாக்கியம்.

“இருந்துச்சு டீச்சர். அதனாலதான் எலும்பு இப்ப எங்க இருக்குன்னு பாக்கணும். சுபாஸ்ரீ, அந்த வீடியோவைப் போடு.”

செல்போனில் கார்த்திக்ராஜ் சிரித்தார். கையில் மண் அப்பிய தாடை. லிங்கேஸ்வரன் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினார். மூன்றாம் வரிசையில் ஒரு பல், சாய்வாக ஒடிந்து.

“ஒரே இனம், சார். பல்லு ஒரே மாதிரிதான் இருக்கும்,” என்றார் கார்த்திக்ராஜ்.

“பல்லு ஒரே மாதிரி இருக்கலாம் தம்பி. ஒடிஞ்ச எடம் ஒரே மாதிரி இருக்காது.” லிங்கேஸ்வரன் குரலை உயர்த்தவே இல்லை. “உங்க சித்தப்பா கிணத்துல மேல ஆத்து மண்ணு, சில ஆயிரம் வருசத்துது. கீழ போனா வெந்து இறுகின பாறை. அது உருவான காலத்துல எலும்புள்ள உசிரே பூமியில கெடையாது. சுத்தியிருக்கிற மலையும் அதே பாறைதான். அதுக்குள்ள டைனோசர் எப்படிப் போகும்? வாத்தலகு திரிஞ்ச காலத்துல நம்ம நாடு கடல் நடுவுல தனித் தீவு. இந்த வாத்தலகு வகையோட எலும்பு அமெரிக்கா, சீனா, மங்கோலியான்னு கிடைச்சிருக்கு. நம்ம நாட்டுல நிச்சயமா இதுன்னு ஒண்ணு இதுவரை வரல. வந்திருந்தா உலகமே உங்களத் திரும்பிப் பாத்திருக்கும். அதுக்குத்தானே?”

கார்த்திக்ராஜ் தன் மேசை இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய கனமான பொருளை எடுத்து வைத்தார். மண்ணை விரலால் ஒதுக்கினால், பின்பக்கம் மங்கலாக ஒரு சந்தன வட்டம்.

“திங்கக்கெழம இதப் பாக்கச் சென்னையிலருந்து ஆராய்ச்சி ஆளுக வர்றாக. ஒரே ஒரு தடவை என் பேரு பேப்பர்ல வந்தாப் போதும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல.”

செல்வமணிக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. “அறிவியல் வாத்தியாரு நீங்க. ஒரு பொட்டைத் துடைக்கத் தெரியாதா?”

“தண்ணி தொட்டுத் துணியக்கூட எடுத்துட்டேன் சார். பூசை வச்சது… கை வரல.”

கதவோரத்திலிருந்து ஜக்கம்மா வந்தாள்.

“சந்தனத்த அழிக்கக் கை வரலையாக்கும். என் பேர அழிக்கிறப்ப மட்டும் நல்லா வந்துச்சோ?”

கார்த்திக்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞானபாக்கியம் எழுந்தார். “ஜக்கம்மா, நான் அவசரப்பட்டுட்டேன். இவர் விஷயத்தை நான் பாத்துக்கிறேன். நாளைக்குக் காலையில பிரேயர்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்.”

“நாளைக்கு வேண்டாம் டீச்சர்.” ஜக்கம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. “புள்ளைக இப்ப வீட்டுக்குப் போயிரும். போனதும் ஆத்தாகிட்டச் சொல்லும், ஜக்கம்மா திருடிருச்சுன்னு. ராத்திரிக்குள்ள அது ஊர் பூராப் போயிரும். அப்புறம் நீங்க என்னத்தச் சொல்லி என்ன?”

ஞானபாக்கியம் யாரையும் கூப்பிடாமல், தாமே வராந்தாவுக்குப் போய், பள்ளி மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டில் சுத்தியலை ஓங்கி அடித்தார். பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார்.