டொக்ரருக்குப் பணிந்த கை

வலதுகை பூட்டிய பொத்தான்களை இடதுகை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தது. யோகமலர் குனிந்து பார்த்தாள். அவள் கழற்றச் சொல்லவில்லை, கதை கேட்கும் செல்லங்களே.

குழந்தை நிலாணி பிறந்த பிறகு ஒருநாள் இடி விழுந்ததுபோல ஒரு தலையிடி வந்துபோனது. அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து. கனடாவில், ஸ்காபரோவில் பத்தாம் மாடி வீடு. ஹீற்றர் உறும, பால் புளித்த மணமும் ஈரத் துவாயின் மணமும் தேங்கிய அந்த அறையில், தன் பக்கத்தில் தொங்கியபடியே அந்த இடதுகை கதிரையை நகத்தால் சுரண்டும் சத்தத்தைத்தான் பகல் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூளை நரம்பு டொக்ரரிடம் போனபோது, ஆங்கிலம் போதாத அவளுக்காகக் கணவன் றமேஸ்தான் பேசினான்.

"இது என்ரை கையில்லை எண்டு சொல்லுங்கோ. நேற்றுப் பிள்ளையின்ரை வாயைப் பொத்தினது."

"உதைச் சொன்னா விசரி, பைத்தியம் எண்டு அரசாங்கத்து ஆக்கள் பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போவாங்கள். பேசாமல் இரு."

டொக்ரர் பக்கம் திரும்பி, கை விறைக்கிறதாம் என்றான். தலையிடியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பெரிய படிப்புப் படித்த அந்த மனிதருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. கையைத் தூக்கு, மூக்கைத் தொடு என்றார். கை நல்ல பிள்ளையாகச் செய்தது. நாட்டுக்குப் புதிதாக வந்த பெண், நித்திரையில்லை, மனஅழுத்தம். அவ்வளவுதான் அவருடைய கெட்டித்தனம். கதவைத் திறக்காமலே வீட்டில் ஆளில்லை என்று எழுதிக்கொடுக்கிற ஆள். மணிக்கட்டுக்கு ஒரு பட்டியும் தந்தார்.

இன்று பனி கொட்டிப் பின்னேரமே இருட்டிவிட்டது. தொட்டிலை ஒட்டிய கட்டிலில் இருந்து, இடதுகையைச் சால்வையால் கால்மாட்டுச் சட்டத்தில் கட்டி, பல்லால் முடிச்சை இறுக்கினாள். பிறகு போனை எடுத்தாள்.

"கையைக் கட்டி வைச்சிருக்கிறன். கெதியா வாங்கோ."

றமேஸ் சிரித்தான். "பிள்ளை பாக்கப் பஞ்சி, அலுப்பு எண்டால் அதைச் சொல்லு. டொக்ரரே ஒண்டுமில்லை எண்டிட்டார். அவரைவிடப் படிச்ச கையோ அது?"

முதுகுக்குப் பின்னால் நிலாணி சிணுங்கினாள். அழுதாள். அடங்கினாள்.

யாரோ மெல்லத் தட்டிக்கொடுக்கும் சத்தம்.

சால்வை தரையில் கிடந்தது. பட்டியும்.

தட்டுவது நின்றது.

திரும்பினாள். போன் விழுந்தது. இடதுகை தொட்டில் கம்பிகளுக்கிடையால் முழங்கைவரை போயிருந்தது. வலதுகையால் இழுத்தாள். வரவில்லை. மறுபடி. வரவில்லை.

கம்பளத்தில் கிடந்த போனிலிருந்து றமேஸின் சிரிப்பு.

குழந்தையின் முகம் தெரியவில்லை. அதன்மேல் விரிந்த உள்ளங்கை. அந்தக் கையின் சின்னவிரலை நிலாணி பிடித்திருந்தாள். ஆசையாக.