நீல முடிச்சு

“ஐயோ! கொன்றுபோட்டாங்கள்!”

அருந்ததியின் அலறலில் நீர்வேலி வீதியில் போன சைக்கிள்கள் நின்றன.

கொட்டிலில் வயிறு ஊதிக் கிடந்தது அவளுடைய கறவைப்பசு. கண்கள் திறந்தபடி... உயிர் இல்லை!

பக்கத்தில் நின்ற மற்றப் பசு, வைக்கோலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“நஞ்சு!” அவள் கணவன் முருகேசு பல்லைக் கடித்தான். “வேலிக்கு அங்காலை இருக்கிறவன்ரை வேலைதான் உது!”

அங்காலை இருந்தவர் தையற்காரர் சீவரத்தினம். எல்லைத் தகராறு. இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

முருகேசு வாழை வெட்டும் கத்தியோடு பாய்ந்தான்...

“நில்லுங்கோ!”

வாசல் படலையடியில் சைக்கிளை விட்டு இறங்கினாள் மாட்டு டொக்டர் மகாதேவி!

“நஞ்சோ இல்லையோ எண்டு வயித்தைக் கீறிப் பாத்துத்தான் சொல்லுவன்.”

கீறினாள். உள்ளே கைவிட்டு இழுத்தாள்.

வந்தது... நீலத்துணி!

இழுக்க இழுக்க நீண்டது. விட்டதும் சுருங்கியது. பந்து பந்தாக இன்னும்!

“ஸ்ரெச் நைலோன்!” அருந்ததி வேலிப்பக்கம் கையை நீட்டினாள். “உவர் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு விளையாட்டுக் காற்சட்டை தைக்கிற துணி!”

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த சீவரத்தினத்தின் முகம் வெளுத்தது.

“துணி என்ரைதான்... ஆனால் நான் மாட்டுக்குப் போடேல்லை! வெட்டுத்துண்டை எரிச்சால் நாத்தம், மண்ணுக்கை தாட்டால் உக்குதில்லை. சாக்கிலை கட்டிப் பின்வளவிலை வைச்சனான். ஆரோ சாக்கோடை தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள்!”

“பொய்!” என்றான் முருகேசு.

அவன் குரல் ஏன் உடைந்தது?

மகாதேவி துணியைத் திருப்பினாள். முடிச்சு! இன்னொன்றிலும் முடிச்சு! முடிச்சுக்குள் சிக்கியிருந்தது வாழை மரத்துத் தடல்பட்டை...

அவள் தோட்டத்தை நோக்கி நடந்தாள்.

“அங்கை ஒண்டுமில்லை, டொக்டர்!” முருகேசு குறுக்கே வந்தான்.

“ஒண்டுமில்லையெண்டால் ஏன் மறிக்கிறியள்?”

தோட்டத்தின் கடைக்கோடி. அருந்ததி அந்தப் பக்கம் போவதே இல்லை. அங்கே... காற்றுக்குச் சாயாதபடி ஒவ்வொரு வாழையும் முட்டுக்கம்போடு நீலத்துணியால் கட்டப்பட்டிருந்தது!

“குலை வெட்டின மரத்தைத் துண்டு போட்டு மாட்டுக்குப் போட்டது ஆர்?”

“நான்தான்...”

“துணிக்கட்டை அவிட்டுப்போட்டோ வெட்டினனீங்கள்?”

முருகேசு கையிலிருந்த கத்தியைப் பார்த்தான்.

“வாழைநார் எண்டால் செமிச்சிருக்கும். உது மண்ணுக்கையே உக்காது, வயித்துக்கை என்னெண்டு செமிக்கும்? போய்க் குடலை அடைச்சிட்டுது!”

அருந்ததி கணவனை வெறித்தாள். “அப்ப... சாக்கைக் களவெடுத்ததும் நீங்களோ?”

கத்தி நழுவி விழுந்தது. “காத்துக்கு அறாது எண்டு நினைச்சன்... மாடு சாகுமெண்டு தெரியாதப்பா!”

“மற்ற மாட்டுக்கும் வயித்திலை உதே அடைப்புத்தான்,” என்றாள் மகாதேவி. “இப்பவே கீறினால் தப்பும். பிடிக்க ஆள் வேணும்!”

வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தார் சீவரத்தினம். மாட்டின் கொம்பை இறுகப் பிடித்தார்.

“மன்னியுங்கோ, அண்ணை...” முருகேசு தலை நிமிரவில்லை.

“கேட்டிருந்தால் மாட்டுக்கு வெளியாலை ஒரு சட்டையே தைச்சுத் தந்திருப்பனே! நீ ஏன்ராப்பா உள்ளாலை போட்டுவிட்டனி?”