காயாத சேறு

கானாடுகாத்தானில் தேனம்மை ஆச்சி வீட்டுக்கு ஓவியன் செம்மலை வந்து இறங்கியபோது, கல்யாணக் கூடம் தயாராக இருந்தது. பர்மாத் தேக்குத் தூண்கள் நடுவே, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர்கள் கண்ணாடிபோல் மின்னின. ஆச்சி மகளின் கல்யாணத்துக்குள் அவற்றில் காடும் கண்மாயும் கொக்குகளும் மான்களும் நிறைய வேண்டும்.

செம்மலை கண்ணால் கண்டதை மட்டுமே வரைவான். அதில் அவனுக்குப் பெருமை அதிகம்.

கடைசிச் சுவரில் வற்றிய கண்மாயை வரைந்தான். சேற்றில் சிக்கிய ஒரு மான்குட்டி. அதை மீட்க இறங்கி, மார்புவரை புதைந்து கையை நீட்டும் ஒரு பெண்.

"மான் கண்ணு பேசுதே! என் மகளுக்கும் இப்படி ஒரு கண்ணு இருந்திருந்தா, மாப்பிள்ளை வீட்டுக்காரக இம்புட்டு இழுத்தடிச்சிருக்க மாட்டாக" என்று சிரித்த ஆச்சி, சட்டென்று நிறுத்தினார். "இந்தப் பொண்ணு யாருப்பா?"

"ராக்காயி. எங்க ஊருல ஆடு மேய்ச்சவ."

"கரையேறிட்டாளா?"

"இல்ல ஆச்சி."

"நீ எங்குட்டு இருந்தே?"

"கரையிலதான். சேத்துல அந்தி வெளிச்சம் விழுந்த அழகு இருக்கே, திரும்பக் கிடைக்காது. வரைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

ஆச்சி சுவரைவிட்டு ஓரடி பின்வாங்கினார். "கை குடுக்குற மாதிரி ஒரு ஆளையாவது போடுப்பா. இது கல்யாண வீடு."

"யாரும் குடுக்கலையே. பாக்காததை நான் போட மாட்டேன். இதுக்கு ஏன் பயப்படுறீக?"

மற்றச் சுவர்கள் காய்ந்தன. அந்தச் சேறு மட்டும் சித்திரை வெயிலிலும் காயவில்லை. துணியால் ஒற்றிப் பார்த்தான். துணியில் வண்ணம் ஒட்டவில்லை.

கருஞ்சேறு ஒட்டியது.

கூடமெங்கும் அழுகிய தாமரைத்தண்டு நாற்றம் பரவியது. இப்படியே விட்டால் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முன் தன் பேர் கெட்டுவிடும் என்று செம்மலை பயந்தான். சேற்றின் மேல் ஒரு தாமரை இலையை வரைந்து ராக்காயியை மறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான். வீடு உண்டு உறங்கிய நண்பகலில் தனியாகச் சாரத்தில் ஏறினான்.

சளக்.

சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் ஓசை.

பச்சை தோய்ந்த தூரிகையை அவள் முகத்தில் வைத்தான். தூரிகை உள்ளே இறங்கியது. பின்னாலேயே அவன் விரல்களும்.

"அண்ணே, கையைக் குடுங்கண்ணே."

அதே குரல். அன்று கரையில் கேட்ட அதே குரல்.

இந்தத் தடவை கொடுக்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

மாலையில் ஆச்சி வந்தபோது சாரத்தில் யாருமில்லை. சுவர் நன்றாகக் காய்ந்து மின்னியது. ராக்காயி கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மான்குட்டி பக்கத்தில் புல் மேய்ந்தது. சேற்றில் மார்புவரை புதைந்த செம்மலை, கூடத்தைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

ஆச்சி அந்தச் சுவருக்குப் பட்டுத்துணி தொங்கவிட்டுக் கல்யாணத்தை நடத்தினார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் துணியை விலக்கினார்.

சேறு அவன் உதடுவரை ஏறியிருந்தது.

"ஐயோ, பாவம்" என்று முனகி, நீட்டியிருந்த அந்த விரல்களை நோக்கி ஆச்சி கையைக் கொண்டுபோனார்.

கரையில் இருந்தவள் மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

ஆச்சி கையை இழுத்துக்கொண்டார்.